கிழங்கைத் தின்று கீரையை எறிவதா?

மாணவர் இதழில் எழுதப் பொருளா இல்லை? மொழி உண்டு, நாடு உண்டு, தேர்வு முறையின் குறைகள் உண்டு. இவற்றையெல்லாம் விட்டுப் பீட்ரூட்டைப் பற்றி எழுத வந்தானே இவன் என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். மொழியைப் பற்றிப் பேசுகின்ற வாயும் நாட்டைப் பற்றி எண்ணுகின்ற மூளையும் மூன்று வேளை உணவால்தான் இயங்குகின்றன. அந்த உணவு இன்னதென்று அறியாமலே உண்டு எழுகிறோம். ஊரார் சொன்னதை அப்படியே நம்புகிறோம். ஆய்வுக்கூடத்தில் ஒரு துளி அமிலம் கூடினாலும் குறைந்தாலும் காரணம் கேட்கின்ற நாம், தட்டிலே கிடக்கும் காயைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை. நாம் கற்ற அறிவியல் ஆய்வுக்கூடத்தின் வாயிற்படியோடு நின்றுவிடுகிறதா?

நான் சொல்ல வந்தது ஒன்றே. பீட்ரூட்டின் சிவப்பைக் கண்டு, அஃது இரத்தத்தை ஊறச் செய்யும் மருந்து என்று நம்பிக் கிழங்கைக் கொண்டாடுகிறோம். அதனினும் மூன்று மடங்கு இரும்புச்சத்து உடைய இலையைக் குப்பையில் எறிகிறோம். இந்த மயக்கம் தீர ஒரு வழி உண்டு. அந்தச் செடியை நாமே வளர்க்க வேண்டும். வேர் முதல் இலை வரை நாமே சமைத்து உண்ண வேண்டும். மருந்தென்று அன்று, உணவென்று உண்ண வேண்டும்.

நம்பிக்கையும் கணக்கும்

சென்ற பனிக்காலத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்கிறேன். பொங்கல் விழாவிற்கு நம் மன்றத்தார் நாடக ஒத்திகை நடத்திக்கொண்டிருந்தபோது, முதலாண்டு பயிலும் தங்கை ஒருவர் தலைசுற்றி விழுந்தார். (அவருடைய இசைவு பெற்றே இதனை எழுதுகிறேன்.) சில மாதங்களாகவே படி ஏறினால் மூச்சு வாங்கியதாம், படிக்க உட்கார்ந்தால் களைப்பு வந்ததாம். ஊரில் உள்ள அத்தை, "பீட்ரூட் சாறு குடி, இரத்தம் ஊறும்" என்றாராம். இரண்டு மாதம் ஒரு நாளும் தவறாமல் காலையில் தெருவோரக் கடையில் சாறு வாங்கிக் குடித்திருக்கிறார். மருத்துவர் இரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார். ஹீமோகுளோபின் அளவு 8 கிராமைச் சற்றே தாண்டியிருந்தது. பெண்களுக்கு அது 12 கிராமுக்குக் குறையலாகாது, ஆண்களுக்கு 13. இரும்புச்சத்து மாத்திரைகளைக் கொடுத்து, முறையாக உட்கொள்ளச் சொன்னார். கோடை விடுமுறை தொடங்கும்போது அத் தங்கை தேறிவிட்டார். ஆனால் வீணான அந்த இரண்டு மாதங்களை யார் திருப்பித் தருவார்?

அத்தையை நான் குறை கூறவில்லை. அன்பினால் சொன்னார், தாம் கேட்டதைச் சொன்னார். குறை கூறத் தக்கவர் நாமே. உயிரியலும் வேதியியலும் பயில்கின்ற முப்பது பேர் அந்த ஒத்திகையில் இருந்தோம். அவர் நாள்தோறும் சாறு குடிப்பதை அறிந்தவர் பலர். "நல்லதுதானே!" என்று சொன்னவர்களே மிகுதி.

இஃது ஒருவர் குறையன்று. 2019-21 ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உடையவர்கள். ஆண்களில் நூற்றுக்கு 25 பேர். நம் மன்றக் கூட்டத்தில் கூடுவோரை எண்ணிப் பாருங்கள். அவர்களுள் எத்தனை பேர் காரணம் அறியாமல் களைத்திருக்கிறார்களோ!

இனிக் கணக்கைப் பார்ப்போம். நூறு கிராம் பீட்ரூட்டில் உள்ள இரும்பு ஏறத்தாழ 0.8 மில்லிகிராம். ஒரு பெண்ணுக்கு நாள்தோறும் வேண்டும் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வரையறுத்த அளவு 29 மில்லிகிராம். ஆணுக்கு 19. பீட்ரூட்டை மட்டும் நம்பினால் ஒரு பெண் நாள்தோறும் மூன்றரைக் கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும். யானைக்கன்றும் அவ்வளவு பீட்ரூட்டை விரும்புமா என்பது ஐயமே.

அந்தச் செடியின் இலையிலோ நூறு கிராமுக்கு ஏறத்தாழ 2.5 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. கிழங்கில் உள்ளதைப் போல் மூன்று மடங்கு! இரும்பு வேண்டும் என்று கிழங்கை வாங்குகிறவர், இரும்பு மிகுந்த பகுதியைத் திருகி எறிந்துவிட்டு வீட்டுக்கு வருகிறார். வாழைப்பழத்தை உரித்து எறிந்துவிட்டுத் தோலைத் தின்பவரைக் கண்டால் நாம் சிரிப்போம். இங்கே சிரிப்பாரைக் காணோம்.

நிறம் வேறு, சத்து வேறு

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? சிவந்த சாறு சிவந்த குருதியைத் தரும் என்ற எண்ணத்திலிருந்து வந்தது. கண்ணுக்கு ஒப்புமை தெரிகிறது. மனம் அதனை உண்மை என்று கொள்கிறது. ஆனால் இரண்டு சிவப்பும் ஒன்றல்ல. குருதியின் சிவப்பு ஹீமோகுளோபினால் வருவது. அதன் மூலக்கூறு ஒன்றில் நான்கு இரும்பணுக்கள் உள்ளன. பீட்ரூட்டின் சிவப்பு பீட்டானின் என்னும் நிறமியால் வருவது. கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன் என்ற நான்கு தனிமங்களால் ஆனது அந்த நிறமி. அதில் இரும்பு ஓர் அணுவும் இல்லை.

பீட்டானின் சேர்ந்த நிறமிக் குடும்பத்துக்குப் பீட்டாலெய்ன் என்று பெயர். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது புதியதன்று. வேலியோரத்துச் சப்பாத்திக்கள்ளிப் பழத்தைத் தின்றுவிட்டு, வாயும் சட்டையும் சிவக்க வீட்டுக்கு வந்து அடி வாங்கியவர்கள் நம்மில் உண்டல்லவா? அந்தப் பழத்தின் சிவப்பும் இதுவே. செந்தண்டுக் கீரையைக் கடைந்தால் சட்டியில் இறங்குகிறதே, அந்தச் சிவப்பும் இதுவே. காகிதப்பூவின் நிறமும் இதுவே. செம்பருத்திக்கும் நாவற்பழத்துக்கும் நிறம் தருவது வேறொரு குடும்பம். ஒரு செடியில் ஒன்று இருந்தால் மற்றொன்று இராது. இயற்கை இவ்வளவு தெளிவாக வகுத்து வைத்திருக்க, நாம் சிவந்தவை எல்லாவற்றையும் இரத்தம் என்று எண்ணி மயங்குகிறோம்.

பீட்ரூட் உண்டபின் சிலருக்குச் சிறுநீர் சிவக்கும். நூற்றுக்குப் பத்துப் பதினான்கு பேருக்கு இப்படி நேர்வதுண்டு. அதைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. "இரத்தம் ஊறியதற்கு அடையாளம்" என்று மகிழவும் வேண்டுவதில்லை. உடல் பயன்படுத்தாத நிறமி வெளியேறுகிறது; அவ்வளவே.

அப்படியானால் பீட்ரூட்டில் பயன் ஒன்றும் இல்லையா? உண்டு. ஃபோலேட் என்னும் வைட்டமின் அதில் நன்றாகவே உண்டு. அதன் குறைவாலும் ஒருவகை இரத்தசோகை வரும். ஆதலால் பழைய நம்பிக்கையில் ஒரு துளி உண்மையும் கலந்தே இருக்கிறது. நார்ச்சத்து உண்டு, பிழிந்து சாறாக்கினால் அது சக்கையோடு போய்விடுகிறது. நைட்ரேட்டு உப்புகள் உண்டு. அவை உடலில் நைட்ரிக் ஆக்சைடாக மாறிக் குருதிக் குழாய்களை நெகிழ்விக்கின்றன. அரை லிட்டர் பீட்ரூட் சாறு அருந்திய நலமுள்ளவர்களின் இரத்த அழுத்தம் சில மணி நேரத்தில் தாழ்ந்ததை 2008-இல் இலண்டன் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். உள்ள சிறப்பைச் சொல்லுவோம். இல்லாத சிறப்பை ஏற்றிச் சொல்லி ஒருவரை மருத்துவரிடம் போகவிடாமல் தடுப்பது நன்றன்று.

இலையையும் மருந்து என்று நான் கூறவில்லை. அதில் ஆக்சாலிக் அமிலம் மிகுதி. அஃது இரும்பை முழுதும் உடலில் சேரவிடாது. சிறுநீரகக் கல் உடையவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இலையை உண்ணலாகாது. இரத்தசோகை உடையவர்க்கு வேண்டியவை இரத்தச் சோதனையும் மருத்துவர் தரும் மாத்திரையுமே. கடலை, பயறு, கேழ்வரகு, கீரை, உண்பவர்க்கு இறைச்சி, இவை யாவும் சேர்ந்த உணவு அதற்குத் துணை. அந்தத் துணைகளுள் ஒன்றை நாம் ஏன் குப்பையில் எறிய வேண்டும் என்பதே என் கேள்வி.

எறிந்ததையே வாங்குகிறோம்

இந்நகரில் பனிக்காலம் வந்துவிட்டால் தள்ளுவண்டிகளில் பீட்ரூட் இலையோடு வந்து குவிகிறது. இவ்வூரார் அதனைச் சுகந்தர் என்பர். நிறுக்கும்போது இலையின் எடைக்கும் விலை கொடுக்க நேருமே என்று வாங்குவோர் அஞ்சுகின்றனர். அதனால் வண்டிக்காரர் கேளாமலே இலையைத் திருகிக் கீழே போட்டுவிட்டுக் கிழங்கை மட்டும் தராசில் இடுகிறார். மாலையில் அந்த இலைகளைத் தெருமாடுகள் தின்கின்றன. மாடுகள் அறிந்ததை மாணவர் அறியவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே வண்டியில், அதே கையால், நாம் பாலக்குக் கீரையும் ஒரு கட்டு வாங்குகிறோம். வடநாட்டுச் சந்தையில் விற்கும் நாட்டுப் பாலக்கு எது தெரியுமா? அது பீட்ரூட்டின் உடன்பிறப்பு. இரண்டும் ஒரே இனம், வகைதான் வேறு. பூசாவில் உள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனத்தார் வெளியிட்ட பூசா ஆல்கிரீன், பூசா ஜோதி, பூசா பாரதி என்னும் பாலக்கு வகைகள் பீட்டு இனத்தைச் சேர்ந்தவையே. ஆகவே, காசு கொடுக்காமல் கிடைக்கும் ஓர் இலையைத் தரையில் போட்டுவிட்டு, அதன் தம்பியைக் காசு கொடுத்து வாங்கி வருகிறோம்!

வரலாறும் இதனையே சொல்கிறது. மத்தியதரைக் கடற்கரையில் தானாக முளைத்த கடற்பீட்டே இந்த இனத்தின் மூதாதை. பழங்காலத்தார் முதலில் உண்டது இலையையே. உருண்டு பருத்த சிவந்த கிழங்கு ஐரோப்பியர் தட்டுக்கு வந்தது பிற்காலத்தில். 1747-இல் மார்கிராஃப் என்னும் செருமானிய வேதியியலார் பீட்டுக் கிழங்கில் உள்ள இனிப்பும் கரும்புச் சர்க்கரையும் ஒன்றே என்று கண்டார். அவருடைய மாணவர் ஆக்கார்டு அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சர்க்கரை ஆலையே நிறுவினார். இலைக்கு ஒரு வகை, கிழங்குக்கு ஒரு வகை, சர்க்கரைக்கு ஒரு வகை என்று ஒரே இனம் பல கிளையாகப் பிரிந்தது. மூத்த பயனை மறந்தவர்கள் நாம்.

கீரை இல்லாத வாரம் இல்லை என்ற வீடுகளில் பிறந்த தமிழர் இந்தக் கீரையை மட்டும் ஏன் அறியவில்லை? காரணம் இது என்று நான் எண்ணுகிறேன். நம் ஊர்ச் சந்தைக்குப் பீட்ரூட் நீலகிரியிலிருந்தும் ஓசூர்ப் பக்கத்திலிருந்தும் மூட்டையில் வந்து இறங்குகிறது. இலை இருந்தால் கிழங்கின் ஈரத்தை உறிஞ்சி வாடச் செய்யும். அதனால் தோட்டத்திலேயே இலையை அறுத்துவிடுகிறார்கள். திண்டுக்கல் பக்கத்துச் சிற்றூரில் பிறந்த நான், பீட்ரூட்டுக்கு இலை உண்டென்பதைப் பாடநூலில்தான் படித்தேன். பார்த்தது இங்கு வந்த பிறகு. காணாததை எப்படிச் சமைப்பது? மேலும், அதனை "இங்கிலீஷ் காய்" என்று ஒதுக்கித் திவசத்திற்கும் சேர்க்காத வீடுகள் இன்றும் உள. செங்கிழங்கு என்றும் அக்காரக்கிழங்கு என்றும் பெயரிட்டு அழைப்பாரும் உளர். பெயர் எதுவாயினும் ஆகுக. அதன் முழு உருவையும் நம்மவர் கண்டதில்லை என்பதே குறை. வளர்த்தால் அந்தக் குறை தீரும்.

மாடியில் விளையும்

"நிலம் ஏது?" என்பீர்கள். நானும் நண்பர் இருவரும் வாழ்வது மொட்டைமாடியில் கட்டிய ஓர் அறையில். இவ்வூரார் அதனைப் பர்சாத்தி என்பர். வீட்டுக்கார அம்மையார் பஞ்சாபியர். மாடியில் தொட்டி வைத்தால் கூரை ஒழுகும் என்று முதலில் மறுத்தார். ஒவ்வொரு வாளியையும் இரண்டு செங்கல்லின் மேல் தூக்கி வைப்போம், ஈரம் தளத்தில் படாது என்று சொல்லி இசைவு பெற்றோம். பிறகு இலை தழைத்ததைக் கண்டு அவரே மேலே ஏறி வந்து, தம் தாயார் கடுகுக் கீரையோடு இதனையும் சேர்த்துக் கடைவார் என்று சொல்லி, ஒரு கை இலை கேட்டு வாங்கிச் சென்றார்.

வேண்டியவை மிகச் சில. வண்ணம் பூசுவோர் எறிந்த பழைய பெயின்ட் வாளிகள் ஆறு. ஆழம் ஓர் அடியாவது இருக்க வேண்டும். அடியில் நான்கைந்து துளை இட வேண்டும். மண் இரண்டு பங்கு, மக்கிய சாண எரு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. மண் பொலபொலவென்று இருந்தால்தான் கிழங்கு உருளும், இறுகியிருந்தால் கோணிப்போகும். எரு மிகுந்தால் இலை பெருத்துக் கிழங்கு சிறுக்கும். அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள் விதைப்பது இங்கே ஏற்றது. பீட்ரூட் குளிரை விரும்புவது. ஏப்ரல் வெயிலை அதனால் தாங்க இயலாது. டெட்ராய்ட் டார்க் ரெட், கிரிம்சன் குளோப் என்ற வகைகளின் விதைகள் எளிதாகக் கிடைக்கின்றன.

விதையை ஓரிரவு நீரில் ஊறவைத்து, இரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றுக. ஒரு வாரம் முதல் இரண்டு வாரத்தில் முளைக்கும். ஒரு விதை இட்ட இடத்தில் இரண்டு மூன்று நாற்று எழுவதைக் கண்டு வியப்பீர்கள். நாம் விதை என்று ஊன்றியது தனி விதையன்று. சில பூக்களின் கனிகள் சேர்ந்து இறுகிய திரள். வலியதை நிறுத்தி மற்றவற்றைக் கத்தரிக்கோலால் நறுக்கிவிட வேண்டும். பிடுங்கினால் நிற்கும் நாற்றின் வேரும் அசையும். நறுக்கிய இளங்கீரையை அன்றைய பருப்பில் இடலாம். நட்ட ஒரு மாதத்திற்குள்ளேயே செடி நமக்கு உணவிடத் தொடங்கிவிடுகிறது.

செடிக்குச் செடி ஒரு கைப்பிடி இடைவெளி போதும். மண் காயாமல் நீர் ஊற்றுக. வாரந்தோறும் செடிக்கு இரண்டு வெளியிலைகளைப் பறிக்கலாம், நடுக்குருத்தைத் தொடலாகாது. விதைத்த 60 முதல் 80 நாளுக்குள், கிழங்கின் தோள் மண்ணுக்கு மேலே எட்டிப்பார்க்கும். எலுமிச்சையைவிடச் சற்றே பெரிதானபோது பிடுங்குக. பேராசைப்பட்டு விட்டுவைத்தால் நார் பாய்ந்துவிடும்.

குறுக்கே வெட்டிப் பாருங்கள். வட்டத்துக்குள் வட்டமாக வளையங்கள் தெரியும். மரத்தின் ஆண்டு வளையம் போன்றவை அல்ல அவை. பல வளர்படலங்கள் ஒன்றைச் சூழ ஒன்றாக ஒரே பருவத்தில் தோன்றுவதால் வந்தவை. தாவரவியல் நண்பர்கள் நுண்ணோக்கிக்கு அடியில் காண்பதை, வேதியியல் மாணவனாகிய நான் அரிவாள்மணையில் கண்டேன்.

எங்கள் ஆறு வாளிகளும் 24 கிழங்குகளைத் தந்தன. மொத்த எடை மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஒரு பெண்ணின் ஒரு நாள் இரும்புத் தேவைக்கு மூன்றரைக் கிலோ வேண்டும் என்று மேலே கணக்கிட்டோமே, நினைவிருக்கிறதா? மூன்று மாதம் நீர் ஊற்றி வளர்த்த விளைவு முழுவதும் ஒருவருடைய ஒரு நாள் தேவைக்கும் காணாது! தாளில் போட்ட கணக்கு அன்று கையில் கனத்தது. அதே வாளிகளிலிருந்து பதினொரு முறை கீரை பறித்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுப்படியில்

சமையல் பெண்களுக்கே உரியது என்று எண்ணும் ஆண் மாணவர் நம்மிடையே இன்றும் உளர். சோதனைக் குழாயைச் சூடாக்கத் தெரிந்தவருக்கு வாணலியைச் சூடாக்கத் தெரியாதா? வெட்கத்தை விட்டு அடுப்பருகே வாருங்கள்.

முதலில் கிழங்கு. தோலைச் சீவாமல், தண்டில் இரண்டு விரல் அளவும் வால்வேரும் விட்டு முழுதாக வேகவைக்க வேண்டும். வெட்டி வேகவைத்தால் நிறமும் ஃபோலேட்டும் நீரில் இறங்கிவிடும். வெந்தபின் தோல் விரலாலேயே கழன்றுவிடும். பொடியாக அரிந்து, கடுகு, உளுத்தம்பருப்பு, வற்றல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, வெங்காயம் வதக்கி, கிழங்கைப் போட்டுப் புரட்டுக. இங்கே தேங்காய் விலை மிகுதி. வறுத்த வேர்க்கடலையைப் பொடித்துத் தூவினால் அதற்கு ஒரு குறையும் இல்லை.

"மண் நாற்றம் அடிக்கிறது" என்று பீட்ரூட்டை வெறுப்பார் உண்டு. அந்த மணத்தைத் தருவது ஜியோஸ்மின் என்னும் பொருள். கோடைக்குப்பின் முதல் மழை விழுந்ததும் நம் ஊர் மண்ணிலிருந்து எழுகிறதே, அந்த மணமும் இதனாலேயே. மண்ணில் எழுந்தால் கவிதை பாடுகிறோம். தட்டில் எழுந்தால் முகம் சுளிக்கிறோம். புளிப்புச் சேர்ந்தால் அந்த மணம் தணியும். நிறமும் காக்கப்படும். ஆதலால் இறக்கும்போது எலுமிச்சம்பழம் பிழிக. சமையல் சோடாவை மட்டும் சேர்க்கவேண்டாம். காரம் ஏறினால் பீட்டானின் சிதைந்து மஞ்சளாகிவிடும்.

இனி இலை. நன்றாகக் கழுவி அரிந்து, வேகவைத்த பாசிப்பருப்பில் இட்டுச் சில நிமிடம் கொதிக்கவிட்டு, சீரகமும் பூண்டும் தாளித்தால் கூட்டு. வதக்கிக் கடைந்தால் மசியல். இதிலும் எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். சுவைக்காக மட்டும் அன்று. வைட்டமின் சி சேர்ந்தால்தான் கீரையின் இரும்பு உடலில் மிகுதியாகச் சேரும். உண்ட கையோடு தேநீர் குடிக்கும் வழக்கத்தை விட வேண்டும். தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் இரும்பைப் பற்றிக்கொண்டு விடமாட்டா. ஒரு மணி நேரம் பொறுத்துக் குடியுங்கள். சிவந்த தண்டையும் எறியவேண்டாம். முருங்கைக்காய் போல் நறுக்கிப் புளிக்குழம்பில் இடலாம். முடிவில் எறிவதற்கு மிஞ்சுவது தோலும் வால்வேருமே. அவையும் வாளி மண்ணுக்கு எருவாகும்.

தடை சொல்வார்க்கு

"நேரம் இல்லை" என்பார் சிலர். நாளொன்றுக்கு ஐந்து நிமிடம் போதும். கையிலுள்ள தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு நாம் கழிக்கும் நேரத்தின் முன் அஃது எம்மாத்திரம்? "வாங்கினால் மலிவாயிற்றே" என்பார் சிலர். உண்மைதான். மண், எரு, விதை எல்லாம் கணக்கிட்டால் முதலாண்டில் எங்களுக்கு இலாபம் இல்லை. இலாபத்திற்காக இதைச் செய்யுங்கள் என்று நான் சொல்லவும் இல்லை. விடுதியில் இருப்பவர்கள், "எங்களுக்கு அடுப்பு ஏது?" என்பர். அவர்கள் விடுதிச் சமையற்காரரிடம் சொல்லலாம். பீட்ரூட் வரும் நாளில் இலையையும் சமைக்குமாறு கேட்கலாம். மூட்டையாக வாங்கும் இடத்தில் இலையின் அளவும் மூட்டையளவு இருக்கும்.

வீட்டை விட்டு ஆயிரம் கல் கடந்து வந்து வாழ்கின்றோம் நாம். உணவைப் பற்றி நமக்குச் சொல்வார் இங்கு இல்லை. அம்மாவின் கீரைச்சட்டி அங்கே; நம் வயிறு இங்கே. காலையில் தேநீரும் ரொட்டியும், இரவில் கிடைத்ததும் என்று நாளைக் கழிக்கின்றோம். களைப்பு வந்தால் தேர்வின் களைப்பு என்கிறோம். அதன்பின் யாரோ சொன்ன ஒரு சாற்றை நம்புகிறோம். இந்த நிலையில் இருப்பவர்க்கு, தன் உணவைத் தானே அறிந்து ஆக்கிக்கொள்வது பொழுதுபோக்கன்று, தற்காப்பு.

ஆதலால் நம் மன்றத்தார்க்கு மூன்று வேண்டுகோள். ஒன்று: வரும் அக்டோபரில் விதைகளைச் சேர்ந்து வாங்கி, மாடியும் முற்றமும் உடைய உறுப்பினர்களுக்குப் பகிர்ந்து அளிப்போம். இரண்டு: பொங்கல் விழா விருந்தில், நாம் வளர்த்த பீட்ரூட்டின் கீரைக்கூட்டு ஒன்று இலையில் இடம்பெறட்டும். மூன்று: அதே விழா நாளில், மருத்துவர் ஒருவரை அழைத்து, விரும்புவோர்க்கெல்லாம் ஹீமோகுளோபின் சோதனை செய்விப்போம். நாடகத்திற்கும் பட்டிமன்றத்திற்கும் செலவிடும் மன்றத்திற்கு இது பெருஞ் செலவாகாது. முதல் இரண்டில் ஒன்று தவறினாலும் நான் வருந்தமாட்டேன். மூன்றாவது மட்டும் தவறவே கூடாது.

கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பாட்டிமார் சொல்வது வழக்கம். கண்ணால் கண்ட சிவப்பும் காதால் கேட்ட மருத்துவமும் நம்மில் ஒருவரைத் தரையில் வீழ்த்தின. இனியேனும் தீர விசாரிப்போம். இலையை எறியும் கையைத் தடுப்போம். களைத்தவரைச் சாற்றுக்கடைக்கு அனுப்பாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்.